தோட்டம் என்ற பெயரும் ஈழத்தலரியும்



வீடு கட்டி முடிந்ததும் மிஞ்சுகிற பணத்துக்கும் மிஞ்சுகிற நிலத்துக்கும் ஏற்றபடி எழுகின்ற கேள்வி ஒன்று உண்டு. வாசலில் என்ன மரம் வைக்கலாம், மதிலோரம் என்ன பூஞ்செடி நடலாம் என்பதே அது. கொழும்பிலே இக்கேள்விக்கு விடை சொல்பவர் பெரும்பாலும் நேர்சரிக்காரர்தான். அவரிடம் அந்த வாரம் எது வந்து இறங்கியிருக்கிறதோ அதுவே நமது முற்றத்து அழகாகிவிடுகிறது. ஆனால், நேர்சரிக்காரருக்கு முன்னரே நமக்காகத் தெரிவு செய்து வைத்தவர்கள் பலர். கும்பனியின் வைத்தியர் ஒருவர், கீழைத்தேசம் வந்த தோட்டக்காரர் ஒருவர், கோயிலுக்குப் பூக்கொய்த பாட்டிமார், யாழ்ப்பாணத்து வேலிகளைக் கண்ணில் வைத்துக்கொண்டு கொழும்புக்கு வந்த எழுதுவினைஞர்கள் என்று அந்த வரிசை நீளும். அவர்களைப் பற்றியதே இன்றைய உரை.

இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று வெள்ளவத்தை, மற்றது கொட்டாஞ்சேனை. வெள்ளவத்தை என்ற பெயரிலே 'வத்தை' என்று நாம் சொல்வது சிங்களத்தில் 'வத்த', அதாவது தோட்டம். 'வெல்ல' என்றால் மணல். மணல் தோட்டம் என்பதே ஊரின் பெயர். வெள்ளம் வந்த இடம் என்று தமிழால் பொருள் சொல்வோரும் இருக்கின்றனர். மாரி காலத்தில் அவ்வூர் ஒழுங்கைகளில் நடந்தவர்கள் அதை எளிதில் மறுக்க மாட்டார்கள். கொட்டாஞ்சேனையோ கொட்டான் மரங்கள் நின்ற சேனை என்று விளக்கப்படுவதுண்டு. கொட்டான் என்பது கடற்கரையில் குடைவிரித்தாற்போல் அடுக்கடுக்காகக் கிளைவிடும் மரம். அதன் இலை முதிர்ந்து விழுமுன் செம்பு நிறமாகச் சிவக்கும். ஆக, ஓர் ஊருக்குத் தோட்டமும் மற்றதற்கு மரமும் பெயர் கொடுத்திருக்கின்றன. இன்று இரண்டிலும் மண்ணைக் காண்பதே அரிது.

கொழும்பில் தோட்டம் என்ற எண்ணத்துக்கு முதலிலே அரச முத்திரை குத்தியது கறுவா. ஒல்லாந்தர் நெடுங்காலம் காட்டுக் கறுவாவையே நம்பியிருந்தனர். ஃபல்க் ஆளுநராக இருந்தபோது, 1769இல், மருதானையில் கறுவாவைப் பயிராக நடும் முயற்சி தொடங்கியது. பின்னர் கறுவாத்தோட்டம் என்று பெயர் பெற்ற பகுதி அந்த முயற்சியின் எச்சமே. கறுவா உண்மையில் கண்ணுக்கு இனிய மரம். அதன் தளிர் இளஞ்சிவப்பாக வந்து, செம்பாகி, பின்பே பச்சை பிடிக்கும். இருந்தும் அதை ஒருவர் அழகுக்காக வாசலில் வைத்திருப்பாரா என்பது ஐயமே. அனுமதியின்றிக் கறுவா உரிப்பதும் விற்பதும் கடுந்தண்டனைக்குரிய குற்றங்களாக இருந்த காலம் அது. அரசின் மரத்தை வாசலில் வைப்பதென்றால் அரசையே வாசலில் இருத்துவது போலத்தான்.

அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, 1670களில், கும்பனியின் வைத்தியராக இங்கு பணியாற்றிய பவுல் ஹேர்மன் என்பவர் கொழும்பைச் சுற்றிக் கிடைத்த செடிகொடிகளையெல்லாம் சேகரித்து, உலர்த்தி, தாள்களில் ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் இறந்த பின் அத்தொகுதி கைமாறிக் கைமாறி சுவீடனைச் சேர்ந்த லின்னேயஸிடம் போய்ச் சேர்ந்தது. லின்னேயஸ் அதை வைத்து 1747இல் 'ஃபுளோரா சைலானிக்கா' என்ற நூலை எழுதினார். அவர் இலங்கையைக் கண்ணால் கண்டவரல்லர். நம் வேலியோரத்துச் செடிகள் பலவற்றின் இலத்தீன் பெயர்கள் அந்த உலர்ந்த இலைகளிலிருந்து பிறந்தவை.

ஆங்கிலேயர் வந்ததும் கதை வேறு திசையில் திரும்புகிறது. கொம்பனித் தெருவிலே கியூ வீதி என்று ஒரு வீதி இன்றும் இருக்கிறது. இலண்டன் கியூ தோட்டத்தின் பெயரால் அங்கே ஒரு தாவரத் தோட்டம் அமைக்கப்பட்டது. அதற்குப் பொறுப்பாக 1812இல் வில்லியம் கெர் என்ற தோட்டக்காரர் வந்தார். அவர் வரலாறு சற்று நின்று கேட்கத்தக்கது. கியூவிலிருந்து சீனத்துக்கு அனுப்பப்பட்டு, கன்டன் நகரில் ஆண்டுக்கணக்கில் இருந்து, அங்குள்ள நேர்சரிகளில் வாங்கிய பூச்செடிகளைக் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்கு ஏற்றியவர் அவர். ஆங்கிலேயர் வீட்டுத் தோட்டங்களில் பொன்மஞ்சளாகப் பூக்கும் கெரியா என்ற புதர்ச்செடி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பேங்க்ஸ் சீமாட்டியின் பெயர் கொண்ட கொடிரோஜாவும் அவர் அனுப்பியதே. இங்கிலாந்து முற்றங்களின் முகத்தை மாற்றிய அந்த மனிதர் கொழும்பில் இரண்டு ஆண்டுகளே இருந்தார். 1814இல் இங்கேயே இறந்து போனார். தோட்டமும் நிலைக்கவில்லை. வெள்ளம் ஏறும் தாழ்நிலம் என்பதால் 1813இல் களுத்துறைப் பக்கம் கொண்டு போகப்பட்டு, 1821இல் அலெக்சாண்டர் மூனின் பொறுப்பில் பேராதனையில் வேரூன்றியது. மூன் 1824இல் இலங்கையின் சுதேசச் செடிகளையும் வந்தேறிச் செடிகளையும் பட்டியலிட்டு ஒரு நூல் வெளியிட்டார். 'வந்தேறி' என்ற பாகுபாடு நம் தோட்டங்களுக்குள் எழுத்தில் நுழைந்தது ஏறத்தாழ அப்போதுதான் எனலாம்.

பேராதனையிலிருந்து பங்களாக்களுக்கும், பங்களாக்களிலிருந்து சாதாரண வீடுகளுக்கும் பிறநாட்டுப் பூமரங்கள் இறங்கின. அங்கே பொறுப்பதிகாரியாயிருந்த எச். எவ். மக்மிலன் 1910இல் வெளியிட்ட தோட்டக்கலைக் கைநூல், எது நிழலுக்கு, எது வேலிக்கு, எது பூவுக்கு என்று பட்டியல் பட்டியலாக வகுத்துத் தந்தது. வெப்ப மண்டல நாடுகள் பலவற்றிலும் அது பல பதிப்புகள் வழியாகப் பயன்பட்டது. நல்ல நூல். ஆனால், ஏக்கர் கணக்கில் வளவு வைத்திருந்தவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நூல் என்பதை வாசிக்கும் எவரும் உணர்வர். பத்துப் பன்னிரண்டு பேர்ச் காணிக்காரர் அதைப் பார்த்து மரம் நட்டால் மூன்றாம் வீட்டுக்காரரோடு வழக்குக்குப் போக நேரிடும்.

இனி, நமது ஈழத்தலரிக்கு வருவோம்.

கொள்ளுப்பிட்டியில் பிரதமரின் உத்தியோகபூர்வ இல்லம் அலரி மாளிகை எனப்படுகிறது. ஆங்கிலப் பெயர் டெம்பிள் ட்ரீஸ். அந்த வளவில் நின்ற அலரி மரங்களால் 19ஆம் நூற்றாண்டிலே வந்த பெயர் அது. சிங்களத்தில் 'அரலிய', 'பன்சல் மல்' என்பர். பன்சலைப் பூ, அதாவது விகாரைப் பூ. இவ்வளவு ஆழமாகப் பௌத்தத்தோடும் இந்த மண்ணோடும் பிணைந்துபோன அந்த மரம் எந்த நாட்டைச் சேர்ந்தது? மெக்சிக்கோவையும் மத்திய அமெரிக்காவையும். சார்ள்ஸ் புளுமியே என்ற பிரெஞ்சுத் துறவியும் தாவரவியலாளருமான ஒருவரின் நினைவாக அதற்கு புளுமேரியா என்று இலத்தீன் பெயர். கடல்வழி திறந்த பின்னர் ஐரோப்பியக் கப்பல்களோடு கிழக்கே வந்தது. வந்த விதமும் வியப்பானதன்று. அதன் கிளையை வெட்டி நிழலில் போட்டு வைத்தால் வாரக்கணக்கில் சாகாமல் கிடக்கும். பிறகு மண்ணில் குத்தினால் துளிர்க்கும். கப்பற் பயணத்துக்கென்றே படைக்கப்பட்ட கதியால்.

அமெரிக்காவில் பிறந்த இம்மரத்துக்குத் தமிழகத்து அகராதிகள் தரும் பெயர் 'ஈழத்தலரி' என்பதாகும். மலையாளத்திலோ 'ஈழச்செம்பகம்'. அக்கரையில் இருந்தவர்கள் அதை நமது தீவின் மரமென்றே கருதினர். நாமோ அதைக் கோயில் மரம் என்றோம். பெயர் வைத்த இருசாராரும் தத்தமக்கு அண்மையில் கண்டதையே சொன்னார்கள். எனக்கு இதில் ஒரு குறும்பான மகிழ்ச்சி உண்டு. 'ஈழம்' என்ற அடைமொழியைச் சுமந்து திரியும் ஒரு மரத்தின் பூர்வீகம் மெக்சிக்கோ! யார் வந்தவர், யார் இருந்தவர் என்று அடித்துப் பேசுகிறவர்கள் இம்மர நிழலில் சிறிது நேரம் இருந்துவிட்டுப் பேசலாம்.

அலரி என்ற பெயரில் நம்மிடையே மூன்று உறவினர் இருக்கின்றனர். மூன்றும் தாவரவியலில் ஒரே குடும்பம். பழந்தமிழர் அறிந்த செவ்வலரி ஒன்று. ஈழத்தலரி இன்னொன்று. மூன்றாவது, மணிபோன்ற மஞ்சட் பூவும் பளபளக்கும் ஒடுங்கிய இலையுமாக வேலியோரங்களில் நிற்கும் மஞ்சள் அலரி. இதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. நேயர்கள் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். செவ்வலரியும் மஞ்சள் அலரியும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு கொண்டவை. மஞ்சள் அலரி விதையால் வடபகுதியில் எத்தனையோ குடும்பங்கள் துயரடைந்திருக்கின்றன. பூசைக்குப் பூ வேண்டுமென்று பலர் அதை வைக்கிறார்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை நடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பூசைக்கு நந்தியாவட்டை போதாதா?

வந்தேறிகளில் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. கடதாசிப்பூ என்று நாம் சொல்லும் போகன்வில்லா, பிரெஞ்சுக் கடலோடி போகன்வில் 1767இல் றியோ டி ஜெனிரோவில் தங்கியபோது, அவருடன் சென்ற கொமர்சன் என்ற தாவரவியலாளரால் சேகரிக்கப்பட்டது. கொமர்சனின் உதவியாளராக ஆணுடையில் கப்பலேறியவர் ஜான் பாரே என்ற பெண். உலகை முதன்முதல் சுற்றிவந்த பெண் என வரலாறு அவரையே குறிப்பிடுகிறது. கொமர்சன் காலில் நோயுற்றிருந்தபடியால் அச்செடியைக் கொய்து வந்தவர் அப்பெண்ணாகவே இருக்கக்கூடும் என்று பலர் கருதுகின்றனர். பெயர் கப்பல் தலைவருக்குப் போனது. நாம் பூ என்று எண்ணுவதும் பூவன்று, நிறமேறிய இலையே. நடுவிலே வெள்ளையாய் ஊசிமுனைபோல் இருப்பதுதான் பூ.

இப்போது கொட்டாஞ்சேனைக்குப் போவோம். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கொழும்பின் செல்வர்கள் முகத்துவாரம், கொட்டாஞ்சேனைப் பக்கங்களிலேயே பெரிய வளவுகளோடு வாழ்ந்தனர். கோட்டைக்கு அருகு, கடற்காற்று, உயர்ந்த நிலம். 1875இல் துறைமுகத்து அலைதடுப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. துறைமுகம் பெருக, கப்பல்களும் பண்டசாலைகளும் கூலியாட்களும் பெருகினர். செல்வர்கள் தெற்கே கொள்ளுப்பிட்டிக்கும் கறுவாத்தோட்டத்துக்கும் நகர்ந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற வளவுகளில் மாமரத்துக்கும் கொட்டான் மரத்துக்கும் நடுவே வரிசை வரிசையாகச் சிறிய அறைவீடுகள் எழுந்தன. அவற்றுக்கு என்ன பெயர் வைத்தார்கள்? தோட்டம். 'எந்தத் தோட்டத்தில் இருக்கிறீர்கள்?' என்று கொழும்பின் வடபகுதியில் ஒருவர் கேட்டால், அவர் பூங்காவைப் பற்றிக் கேட்கவில்லை. பொதுக் குழாயும் பொதுக் கழிப்பறையும் கொண்ட ஒரு வரிசைக் குடியிருப்பைக் கேட்கிறார். மரங்கள் போய், அவை நின்ற இடத்தின் பெயர் மட்டும் மனிதர்மீது ஒட்டிக்கொண்டது. சொற்களின் வரலாற்றில் இதைவிடக் கசப்பான பொருள்மாற்றத்தை நான் அதிகம் கண்டதில்லை.

ஆயினும், அந்தத் தோட்டங்களில் செடி இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஜம்பட்டா வீதியின் உட்புறங்களில் நடந்தால் எண்ணெய்த் தகரத்தில் துளசியும், உடைந்த வாளியில் செவ்வரத்தையும், கூரைக் கம்பியில் தொங்கும் குரோட்டனும் காணலாம். ஒரு முழ அகல நடைபாதையில், நேரே வெயில் படும் ஒன்றரை மணி நேரத்தைக் கணக்கிட்டு, தகரத்தைக் காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் நகர்த்தி வைப்பார்கள். மக்மிலனின் நூலில் இல்லாத தோட்டக்கலை இது.

வெள்ளவத்தையின் கதை பிந்தியது. 1921இல் கொழும்புக்கு வந்து நகரமைப்பு அறிக்கை எழுதிய பட்ரிக் கெடிஸ், இந்நகரைக் கிழக்கின் தோட்ட நகராகக் கற்பனை செய்தார். அக்காலத்தை ஒட்டியே அரச சேவைக்கும் கல்விக்குமாக வந்த யாழ்ப்பாணத்தார் வெள்ளவத்தையின் கடலோர ஒழுங்கைகளில் வீடு வாங்கத் தொடங்கினர். அவர்கள் விட்டுவந்த ஊரில் அழகுக்கு மரம் என்று தனியாக ஒன்று இருக்கவில்லை. வேலியே அழகு. பூவரசு, கிளுவை, முள்முருக்கு என்று கதியால் போட்டு, அது தழைத்ததும் குழையை வெட்டி ஆட்டுக்கும் வயலுக்கும் இடுவர். வெள்ளவத்தையில் வேலிக்குப் பதில் மதில். ஆட்டுக்குப் பதில் அலுவலகம். எனவே, மதிலுக்குள் வந்தவை பூசைக்குரியவையும் சமையலுக்குரியவையுமே. செவ்வரத்தை, நந்தியாவட்டை, பவளமல்லிகை. பின்வளவில் முருங்கை, கறிவேப்பிலை, ஒரு தேசிக்காய் மரம். முன்வாசலில் மட்டும் கொழும்பு நாகரிகத்துக்காக ஒரு குரோட்டனும், மதில்மேல் கடதாசிப்பூவும். விடியற்காலையில் பூக்குடலையோடு முற்றத்தில் நிற்கும் மூதாட்டியரை மனிங் பிளேசிலும் இராமகிருஷ்ண வீதியிலும் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர்.

இங்கே இலக்கிய நேயர்களுக்கு உரிய ஒரு செய்தி உண்டு. எக்சோரா என்று நேர்சரிகளில் விற்கப்படும் செந்நிறக் கொத்துப்பூச் செடியை ஆசையோடு வாங்கி வருகிறோம். சீனத்து வகை, குள்ள வகை என்றெல்லாம் சொல்லித் தருவார்கள். அதன் பூர்வ வகை வேறெதுவுமில்லை, வெட்சி! தொல்காப்பியப் புறத்திணைகளில் முதலாவதாக நிற்பதும், ஆநிரை கவரச் செல்வோர் சூடியதும், குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய பூக்களில் ஒன்றும், முருகனுக்கு உகந்ததுமான அதே வெட்சி. தென்னிந்தியாவும் இலங்கையுமே அதன் தாயகம். எக்சோரா என்ற அந்த இலத்தீன் பெயரும், ஈசுவரன் என்பதைப் போர்த்துக்கேயர் எழுதிய வடிவத்திலிருந்து வந்தது என்றே விளக்கப்படுகிறது. நம்முடைய பூ, நம்முடைய தெய்வத்தின் பெயர். சுற்றிக்கொண்டு வந்ததால் இரண்டையும் அடையாளம் தெரியாமல் காசு கொடுத்து வாங்குகிறோம். புறநானூற்றை மனனம் செய்த மாணவன் தன் வீட்டு வெட்சியைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்டால் எக்சோரா என்பான். அவனைக் குறைசொல்வதற்கில்லை. பாடநூலில் படம் இல்லை, வாசலில் பெயர்ப்பலகை இல்லை.

நொச்சியும் அப்படித்தான். தடிமன் காய்ச்சலுக்கு வேது பிடிக்க மட்டும் தேடுகிறோம். மதில் காத்து நின்ற வீரர் சூடிய பூ அது. மதிலோரத்தில் நடுவதற்கு இதைவிடப் பொருத்தமான செடி வேறென்ன? புன்னை மற்றொன்று. சிறுமி விளையாட்டாய் மணலில் புதைத்து மறந்த விதை முளைத்து மரமாக, அது உனக்குச் சகோதரி என்று தாய் சொன்னதாக நற்றிணையில் ஒரு பாடல் இருக்கிறது. மணல், உப்புக்காற்று, சிறுமியின் மறதி; அந்தப் பாடலுக்கு வேண்டியவையெல்லாம் வெள்ளவத்தைக் கடற்கரையில் இருந்தன.

நேர்மாறான ஒரு வேடிக்கையும் உண்டு. தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பெருமரத்தின் பூவை, படமெடுத்த நாகங்களின் கீழுள்ள லிங்கமாகக் கண்டு நாகலிங்கம் என்றோம் நாம். பௌத்தர்களோ அதையே புத்தர் பிறந்தபோது பூத்த சால மரமென்று போற்றுகின்றனர். உண்மைச் சாலம் வட இந்தியக் காடுகளின் மரம், இதற்கும் அதற்கும் உறவில்லை. பேராதனையில் 1901இல் பிரித்தானிய இளவரசர் நட்ட மரமும் இந்த நாகலிங்கமே. ஒரு மரம், இரு சமயம், ஒரு சாம்ராச்சியம்!

1983 ஜூலையில் வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தன. எரிந்த வீட்டு வளவிலும் செவ்வரத்தை மறுபடி துளிர்த்திருக்கும், அதன் இயல்பு அது. பூக்கொய்ய அந்த வீட்டாரில் பலர் திரும்பி வரவில்லை. கனடாவிலும் இங்கிலாந்திலும் கறிவேப்பிலையைச் சாடியில் வைத்து, பனிக்காலத்தில் வீட்டுக்குள் தூக்கிவந்து காக்கும் கைகள் அவர்களுடையவை. இங்கே விற்கப்பட்ட காணிகளில் தொடர்மாடிகள் எழுந்தன. வடக்கிலிருந்து போரால் இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு அவை இருப்பிடம் கொடுத்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால், வாகனத் தரிப்பிடத்துக்குச் சீமெந்து போட்ட பின் மண்ணுக்கு எஞ்சியது மதிலோரத்து இரண்டு அடி. கொட்டாஞ்சேனை 100 ஆண்டுகளுக்கு முன் கண்டதை வெள்ளவத்தை நம் காலத்தில் கண்டது.

சட்டமும் இதில் அழகு மரத்தின் பக்கம் நிற்பதில்லை. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்க முடியாதபடி காக்கிறது. உணவு தரும் மரத்துக்குக் காவல், சரியானதே. ஒரு வீட்டாரின் மூன்று தலைமுறை பூக்கொய்த பவளமல்லிகைக்குக் காவல் இல்லை. மறுபக்கம், பெருமரத்தை நெருக்கமான நகரில் பேணாமல் விட்டால் என்னவாகும் என்பதை 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் பஸ் ஒன்றின்மீது மரம் சாய்ந்து ஐவர் உயிரிழந்தபோது கண்டோம். மரமே வேண்டாம் என்ற பேச்சு அதன்பின் எழுந்தது. வேரைச் சீமெந்தால் நெரித்தும், ஒருபக்கக் கிளையை மட்டும் மின்கம்பிக்காக வெட்டியும் விட்டால் எந்த மரமும் நிலைகுலையும்.

ஆகவே, 6 பேர்ச் காணி வைத்திருக்கும் நேயர் ஒருவர் கேட்டால் நான் சொல்வது இது. மே மாதத்தில் தீப்பிடித்தாற்போல் பூக்கும் 'மாய் மரா' மடகஸ்கரிலிருந்து வந்த பேரழகி. அவளைப் பூங்காவில் போய்ப் பார்த்து வருவதே நல்லது. வேர் மேலோட்டமாகப் பரந்து மதிலைத் தூக்கும். தூங்குமூஞ்சி மரமும் அப்படியே. அசோகு என்று விற்கப்படும் ஒடுங்கிய நெடுமரம் உண்மையில் நெட்டிலிங்கம். இடத்தை அடைக்காது, வைக்கலாம். ஆனால் சீதை இருந்த வனத்தின் பெயரை அதற்குச் சூட்ட வேண்டாம். உண்மை அசோகு நம் ஈரவலயத்து நீரோரங்களில் வளரும் சிறுமரம். நிழலைத் தாங்கும், செம்மஞ்சட் கொத்தாகப் பூக்கும். கடற்காற்று நேரே அடிக்காத கொட்டாஞ்சேனை உள்முற்றத்துக்கு அது ஏற்றது. கடலோர ஒழுங்கைக்கு ஈழத்தலரியும் கடதாசிப்பூவும் உப்பைத் தாங்கும். புன்னையும் தாங்கும், கொஞ்சம் இடம் வேண்டும். தொடர்மாடி பல்கனிக்கு வெட்சி. பெரிய சாடி, நல்ல வெயில், சுண்ணாம்பு கலவாத மண். சீமெந்துச் சுவரையொட்டி வைத்தால் சுண்ணாம்பு கசிந்து இலை மஞ்சளிக்கும், ஓரடி தள்ளி வையுங்கள். கன்று ஊன்றுவதற்கு மே மழையோ ஒக்டோபர் மழையோ நல்லது. நேர்சரியில் கேட்கும்போது வெட்சி என்றே கேட்டுப் பாருங்கள். விளங்காவிட்டால் எக்சோரா என்று சொல்லி வாங்கிக்கொண்டு, காசு கொடுக்கும்போது பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள்.